ஆறாவது கேள்வி

"கையெல்லாம் ஒதறுதுங்க மேடம். கடை மூடறதுக்குள்ள ஒரு கட்டிங் வாங்கியாந்து குடுத்துடட்டுங்களா?"

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு, பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் என்னிடம் கேட்டது இது. மதுக்கடை பத்து மணிக்கு மூடிவிடும். அவர் வீட்டிலிருந்து அங்கே நடந்து போக இருபது நிமிடமாவது ஆகும். ஆகவே யோசிக்க நேரமே இருக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். "வேண்டாம்மா. இந்த ஒரு ராத்திரி பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. காலையிலதானே கயிறு கட்டினாரு" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

விடியற்காலை நான்கு மணி வாக்கில் அவருடைய கணவருக்கு வலிப்பு வந்தது. திண்ணைக் கல்லில் விழுந்ததில் புருவம் பிளந்துவிட்டது. 108 வண்டியில் தருமபுரிக்குப் போகும் வழியில் மறுபடியும் ஒரு முறை வலிப்பு வந்தது. மருத்துவமனையில் மூன்று நாட்கள் மனைவியைக்கூட அடையாளம் தெரியாமல், போர்வையில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிக் கையால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார்.

வலிப்பு வந்ததற்கு முந்தின நாள் காலை முனியப்பன் கோயிலில் ஏழு பேர், இனிக் குடிப்பதில்லை என்று சாமிக்குச் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஆறு பேருக்கும் தூக்கமின்மை, வியர்வை, எரிச்சல் என்பதற்கு மேல் எதுவும் நேரவில்லை. அந்த ஏழு பேரையும் கோயில் வரைக்கும் அழைத்து வருவதற்கு எங்கள் மகளிர் குழுவினர் நான்கு மாதம் வீடு வீடாக நடந்திருந்தார்கள். அப்படிக் கட்டிய கயிற்றை முதல் நாள் இரவிலேயே, அதுவும் மனைவி கையாலேயே ஊற்றிக் கொடுத்து அறுக்கலாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் கேட்ட கேள்விக்கு அன்று வேறு யார் என் இடத்தில் இருந்திருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். இந்த வாக்கியத்தை எழுதும்போது அது உண்மையாகவே தெரிகிறது. ஆனால் உடனே அந்தப் படிவம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

கயிறு கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்னால் அந்தக் கணவரிடம், குடிப்பழக்கத்தின் அளவைக் கணிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தை நிரப்பியவள் நானேதான். அதில் ஆறாவது கேள்வி, முந்தின நாள் மிகுதியாகக் குடித்த பிறகு மறுநாள் காலையில் உடம்பு நிலைக்கு வருவதற்காகவே குடிக்க வேண்டியிருந்ததா என்று கேட்கிறது. பெங்களூரில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டப் போய்வந்துகொண்டிருந்த அவர், "தினமுந்தாங்க. அது இல்லேன்னா கம்பி புடிக்கக் கை நிக்காது" என்றார். அதற்கு 4 மதிப்பெண் போட்டேன். மொத்தம் 40க்கு 27 வந்தது. 20 அல்லது அதற்கு மேல் வந்தால் மதுவுக்கு உடல் அடிமைப்பட்டிருக்கக்கூடும், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அந்தப் படிவத்தைக் கையில் எடுக்கும் எவருக்கும் முதலில் சொல்லித் தரப்படுவது. கூட்டிப் போட்ட எண்ணைப் பேரேட்டில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அன்று மாலைக்குள் இன்னும் ஐந்து வீடுகள் முடிக்க வேண்டியிருந்தது.

பயிற்சிக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே மற்றதும் இருக்கிறது. மது நரம்பு மண்டலத்தை அமுக்கி வைக்கிறது; ஆண்டுக்கணக்கில் அன்றாடம் குடிப்பவருடைய மூளை அந்த அமுக்கத்தை எதிர்த்துத் தன்னை முடுக்கிக்கொண்டே பழகிவிடுகிறது; மது சட்டென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றல் வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிரும் போகலாம். மருத்துவமனையில் குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையை நாளுக்கு நாள் அளவு குறைத்துக் கொடுத்து, தயமின் ஊசியும் போட்டு, இந்த ஆபத்தான நாட்களைக் கடக்க வைக்க முடியும். இவ்வளவும் தெரிந்திருந்த ஒருத்தியிடம்தான் அந்தப் பெண் கேட்டார். கொடுக்கவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே 108ஐ அழையுங்கள் என்பதே சொல்ல வேண்டியிருந்த பதில். அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆகவே நேரமில்லை என்று நான் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் என்னைத் தாண்டி எங்கள் வேலை முழுவதையும் பற்றிய ஐயம் எழுகிறது. நாங்கள் கூட்டங்களைத் தொடங்குவதே ஒரு பெருமையோடுதான்: 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்திலேயே இருந்தன, அவர் பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்குப் பக்கத்தில்தான். 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை எடுத்து ஊர்களுக்குள் வைக்க முயன்றபோது, தமிழ்நாடெங்கும் பெண்கள் தெருவில் உட்கார்ந்து மறித்ததைச் சொல்வோம். கிராம சபையில் தீர்மானம் போடுவது எப்படி என்று விளக்குவோம். போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 வந்தால் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைப்போம். இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். கடை அருகில் இருப்பதற்கும் தொலைவில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சனிக்கிழமைக் கூலி வாங்கும் வீடுகளில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாங்கள் பேசிப் பழகிய மொழி முழுவதும் கடையையும் சத்தியத்தையும் பற்றியது. நடுங்குகிற கையை எதிரே கண்டால், அந்த மொழி அதை மன உறுதிக் குறைவு என்றே படித்துவிடுகிறது. அன்று இரவு என் வாயில் வந்த "பல்லைக் கடிச்சிக்கிட்டு" என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

அதற்காகக் கயிற்றைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. மணிக்கட்டில் கயிறு இருக்கிறவனைக் கூட்டாளிகள் வற்புறுத்துவதில்லை. "சாமிக்குக் கட்டியிருக்கான், உட்ருடா" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். எந்த மாத்திரையும் அந்தக் காவலைத் தராது. இப்போது நாங்கள் படிவத்தில் 20 அல்லது அதற்கு மேல் வந்தவர்களை முதலில் மருத்துவமனைக்கும் பிறகு கோயிலுக்கும் அழைத்துப் போகிறோம், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை எல்லா வீட்டிலும் எழுதிக் கொடுக்கிறோம். இது சரியான முறை என்று நம்புகிறேன். ஆனால் ஒரு வாரக் கூலியை இழந்து, துணைக்கு ஆள் தேடி, மனநலப் பிரிவின் வாசலில் உட்கார வேண்டும் என்றதும் பின்வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய முறையில் அவர்களும் கயிறு கட்டியிருப்பார்கள்.

மருத்துவமனையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். "இவ்வளவு குடிச்சவரை வீட்டுல வெச்சு ஒரேயடியா நிறுத்தச் சொன்னது யாரும்மா?" என்று மருத்துவர் கேட்டார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன். அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "கோயில்ல கயிறு கட்டினாருங்க" என்றார். நானும் வாய் திறக்கவில்லை.

அவருடைய கணவர் இன்றுவரை, பதினான்கு மாதமாக, குடிக்கவில்லை. எங்கள் அறிக்கையில் அவர் ஒரு வெற்றிக் கதை. அந்தப் பெண்ணும் ஊர் ஊராக வந்து பேசுகிறார். சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில், நாற்பது பெண்களுக்கு முன்னால், "கை ஒதறினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, எரக்கப்பட்டுக் குடுத்துடாதீங்க. மேடம் அன்னைக்கு என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க, அதனாலதான் எங்க வூட்டுக்காரரு இன்னைக்கு மனுசனா இருக்காரு" என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து, அப்படி நடுக்கம் கண்டால் வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து என்று விளக்கமாகச் சொன்னேன். அன்று நான் சொன்னது தவறு என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் பேச்சை எல்லார் முன்னிலும் வெட்டியதாகிவிடும் என்று அப்போது காரணம் தோன்றியது.

கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அப்படின்னா அன்னைக்கு ராத்திரி ஏன் மேடம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லல?" என்று கேட்டார்.

"அப்ப எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாம சொன்னதுக்கு என்னா பண்றது, உடுங்க மேடம்" என்று சொல்லி, என் கையிலிருந்த பாயையும் வாங்கிக்கொண்டு போனார்.