நஷ்டஈடு வேறு, வேலை வேறு

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மிஷின்) ஓட்டுகிறவர்கள் கண்ணில் இது பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். 2022-ல் என் வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு பிரஸ்ஸில் போய்விட்டது. கட்டுப் பிரிக்கும் முன்பே வேலையும் போனது.

ஆஸ்பத்திரிக்கு ஹெச்.ஆர். ஆள் ஆப்பிள் பையோடு வந்தார். பையில் ஒரு ஸ்டாம்ப் பேடும் இருந்தது. "தம்பி, இன்சூரன்ஸுக்குத்தான். கை முடியலன்னா இடது பெருவிரல் ரேகை போதும்" என்று வெள்ளைத் தாளை நீட்டினார். என் மனைவி தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "எழுதாத தாள்ல எதுக்கு சார் ரேகை?" என்றாள். அவரிடம் பதில் இல்லை. ரேகை வைத்தால் அந்தத் தாள்தான் பிறகு ராஜினாமாக் கடிதமாக மாறும். எங்கள் எஸ்டேட்டில் இது பலருக்கு நடந்திருக்கிறது.

இன்னொரு தந்திரம், "பைக்கில் விழுந்தான்" என்று ஆஸ்பத்திரியில் எழுதவைப்பது. ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) காப்பியில் "கம்பெனியில் மிஷினில் அடிபட்டது" என்று இருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பணத்துக்கு முக்கியமான ஆதாரம் அது. எனக்கு லீவு காலம் முழுக்கச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் வந்தது. பிறகு மெடிக்கல் போர்டு, சம்பாதிக்கும் திறனில் 11 சதவீத இழப்பு என்று போட்டது; அதற்கு மாதாமாதம் ஆயுள் முழுக்கப் பணம் உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும்.

"அதான் பணம் வருதே, வேலை எதுக்கு?" என்றார்கள் கம்பெனியில். இந்தப் பேச்சில்தான் பலர் விட்டுக்கொடுக்கிறார்கள். விரலுக்கு வரும் பணம் வேலைக்கு விலை ஆகாது. அப்போது அமலில் இருந்த ஈ.எஸ்.ஐ. சட்டம் 73-வது பிரிவுப்படி, அந்த லீவு கால உதவித்தொகை வாங்கும்போது வேலையைவிட்டு நீக்கவே கூடாது.

கம்பெனியிலிருந்து போனில் "இனி வராதே" என்றதும் ரிஜிஸ்டர் தபாலில் கடிதம் போட்டேன்: "நான் வேலையை விடவில்லை. டாக்டர் ஃபைனல் சர்ட்டிஃபிகேட் கொடுத்ததும் வருகிறேன்." பிறகு லேபர் ஆபீஸில் 2ஏ மனு (வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி தனியாகப் போடும் மனு). சமரசப் பேச்சில் "அவனாகவே நின்னுட்டான்" என்று நிர்வாகம் சொன்னபோது, என் கடிதத்தை அவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கான அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையை ஆபீசர் மேஜையில் வைத்தேன். அதற்குமேல் அவர்களால் பேச முடியவில்லை. ஸ்டோர்ஸில் வேலை கொடுத்தார்கள், பழைய சர்வீஸோடு. பேச்சு முறிந்திருந்தால் மனுப் போட்டு 45 நாள் கழித்து நேரே லேபர் கோர்ட்டுக்குப் போயிருப்பேன்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய தொகுப்புச் சட்டங்கள் அமலில் இருக்கின்றன. பிரிவு எண்கள் மாறிவிட்டன. வேலைநீக்கத்தை எதிர்க்க முன்பு 3 வருஷம் இருந்தது, இப்போது 2 வருஷம்தான். அதனால் தள்ளிப்போடாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிலாளிக்கு அங்கே வக்கீல் இலவசம். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.