பணித்தளத்தில் முதல் வருடம்: யார் வீட்டில் இருப்பது?

வெளிநாட்டு மிஷனரிப் பணித்தளத்தைவிட்டுப் பாதியில் திரும்பும் குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். உபத்திரவம் தாங்காமல் வந்தோம் என்பவர்கள் குறைவு. பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், மனைவியின் தனிமை என்றுதான் பேச்சு போகும். ஆகவே முதல் வருடத்தின் முக்கியமான கேள்வி ஊழியத்தை எங்கே ஆரம்பிப்பது என்பதல்ல. கணவன் மொழி வகுப்புக்குப் போகும்போது மனைவி என்ன செய்கிறாள் என்பதுதான்.

அதற்கு வருமுன் காகித வேலை. பிறப்பு, திருமண, படிப்புச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது அவை வெளிநாட்டில் செல்லும்படி அரசு போடும் சான்று, புறப்படுமுன்பே வாங்கிவிடுங்கள். சான்றிதழ் கொடுத்த நாடுதான் அந்த முத்திரையையும் கொடுக்க முடியும். போய் இறங்கியபின் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். போகும் நாடு இந்த முத்திரையை ஏற்கும் 1961 ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் அதன் தூதரகத்தின் சான்றொப்பம் தேவை. எல்லாக் காகிதத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். சுற்றுலா விசாவில் போய் ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பல நாடுகளில் உள்ளே இருந்துகொண்டு மாற்ற வழியே கிடையாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகும். 9 மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த ஊசியைப் பொதுவாகப் போடுவதில்லை என்பதால், கைக்குழந்தை உள்ளவர்கள் பயணத் தேதியை டாக்டரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்குள் வந்தால் முதலில் தண்ணீரும் மின்சாரமும். தண்ணீர் தளதளவென்று கொதித்து 1 நிமிடம் நிற்க வேண்டும். 2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் 3 நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பிள்ளைக்குப் பேதி கண்டு உப்புக்கரைசல் பொட்டலம் கையில் இல்லாவிட்டால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரையுங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கண்மதிப்பில் போடக் கூடாது. மின்சாரத்தில் எல்லோரும் செய்யும் தவறு, அடாப்டர் இருந்தால் போதும் என்று நினைப்பது. அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 120 வோல்ட் இஸ்திரிப் பெட்டியை 230 வோல்ட்டில் செருகினால் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடேறி எரிந்துபோகும். செல்போன், லேப்டாப் சார்ஜர்களில் பெரும்பாலும் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், அவற்றுக்குப் பயமில்லை.

இனி மொழி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோருக்கு மிகக் கடினமான மொழிகளுக்கு சுமார் 2200 வகுப்பு மணி நேரம் கணக்கிடுகிறது. நாளைக்கு 4 மணி, வாரம் 5 நாள் என்றால் இரண்டு வருடத்துக்கும் மேல். மொழிக்கு மொழி இது மாறும்தான். ஆனாலும் ஆறாம் மாதத்திலேயே ‘எத்தனை ஆத்துமா?’ என்று கேட்கும் தாங்குவோர், அதாவது ஊழியத்துக்குப் பணம் அனுப்பி ஜெபிப்பவர்கள், இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மொழிபெயர்ப்பாளரை வைத்து உடனே பிரசங்கம் ஆரம்பிப்பவர்கள் பிறகு மொழிக்குத் திரும்புவது அபூர்வம், மேடை அவர்களை விடாது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார்.

அந்த 4 மணி நேரம் கணவன், மனைவி இருவருக்கும் உரியது. காலை வகுப்பு ஒருவருக்கு, மாலை வகுப்பு மற்றவருக்கு. வகுப்பில்லாதவர் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ‘அவள் வீட்டிலிருந்தே மெல்லக் கற்றுக்கொள்வாள்’ என்றால் கற்க மாட்டாள். கடை, மருத்துவமனை, பள்ளி எல்லாவற்றுக்கும் கணவனையே நம்பி, ஒரு வருடத்தில் முடங்கிப்போவாள். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்குப் போனதைச் சபைகளில் எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். முதலில் வர மறுத்த மனைவி டாரதியைப் பற்றிச் சொல்வதில்லை. மறுவருடம் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் டாரதியின் மனநிலை தேறவே இல்லை; 1807-இல் மரணமடைந்தார். மனைவிக்கும் சொந்த அழைப்பு இருக்கிறதா என்று அனுப்பும் சபை அவளிடமே, கணவன் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் தெருவில் விளையாடியே மொழியைப் பிடித்துவிடுவார்கள். அதனாலேயே ஒரு சிக்கல் வரும்: பெற்றோர் அவர்களை மொழிபெயர்ப்பாளராக்கிவிடுவார்கள். கடையில் சரி. டாக்டரிடமும் அரசு அலுவலகத்திலும் கூடாது. அம்மாவின் நோயை விளக்கும் பாரம் பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு? வீட்டுக்குள் தாய்மொழியை விடாதீர்கள். தாத்தா பாட்டியோடு பேச முடியாமல் போனால் விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகள் அங்கேயும் அந்நியர்தான்.

தாங்குவோருக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் கை அடக்கம் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்ட படம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மதமாற்றத்துக்குக் கட்டுப்பாடுள்ள நாட்டில் புது விசுவாசியின் பெயர், முகம், ஊர் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். உங்களுக்கு விசா ரத்தாகும், அவ்வளவுதான்; அவரோ அங்கேயே இருந்தாக வேண்டியவர்.

பணத்தில் இரண்டே விஷயம். குடும்பம் முழுவதும் அவசரமாகத் திரும்புவதற்கான டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரிலும் அந்தக் கணக்கு இருக்கட்டும், ஆளுக்கொரு வங்கி அட்டையோடு. ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மற்றவர் பணம் எடுக்க முடியாமல் நிற்கக் கூடாது.