திரிபோலியில் பாதியில் நின்ற நீமேயரின் திடல்

லெபனான் போகிறவர்கள் பெய்ரூட், பைப்லோஸ், பால்பெக் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெய்ரூட்டிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர் போனால் திரிபோலி (லிபியாவில் இருப்பது வேறு). அங்கே பழைய நகரத்துக்கும் அல் மீனா துறைமுகத்துக்கும் நடுவில் 70 ஹெக்டேர், அதாவது 170 ஏக்கருக்கும் மேலே, ரஷீத் கராமி சர்வதேசக் கண்காட்சித் திடல் இருக்கிறது. கட்டிடக்கலையில் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

பிரேசிலியா நகரத்தின் கட்டிடங்களை வடிவமைத்த ஆஸ்கார் நீமேயரிடம் 1962-இல் இந்த வேலையைக் கொடுத்தார்கள். பொதுவாக உலகக் கண்காட்சி என்றால் ஒவ்வொரு நாடும் தன் பெருமைக்குத் தனித்தனி அரங்கு கட்டும். இவர் அதை ஏற்காமல், எல்லா நாடுகளும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கட்டும் என்று 750 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலத்தில் பூமராங் மாதிரி வளையும் ஒரு கான்கிரீட் கூரையைப் போட்டார். அதன் அடியில் நடந்துகொண்டே இருக்கும்போதுதான் அந்த எண்ணம் எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது. 1975-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது, வேலை அப்படியே நின்றது. அப்புறம் பல வருஷம் சிரிய ராணுவம் உள்ளே இருந்தது.

கூரைக்கு எதிரே புல்வெளிகளுக்கும் குளங்களுக்கும் நடுவே மற்ற கட்டிடங்கள் தள்ளித்தள்ளி நிற்கின்றன. கூர்முனை வளைவுகள் சூழ்ந்த லெபனான் அரங்கு, பெரிய வளைவோடு திறந்தவெளி அரங்கம், ஹெலிகாப்டர் இறங்கு தளம், பிறகு அந்தக் குவிமாடம். சோதனை நாடக அரங்காக வரவேண்டியது, உள்வேலை முடியவே இல்லை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினால் போதும், எதிரொலி சுற்றிச்சுற்றி வருகிறது. நெருக்கடியான இந்த நகரத்தில் காலாற நடக்க இவ்வளவு பெரிய பசுமை வேறு எங்கே கிடைக்கும்? என்னைக் கேட்டால் கட்டிடங்கள் அளவுக்கு இந்தத் தோட்டமும் முக்கியம்.

ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து பெயர்க்கிறது. 2000-களில் இதைத் தீம் பார்க் ஆக்கும் திட்டம்கூட வந்தது, நல்லவேளை நடக்கவில்லை. 2023 ஜனவரியில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதே ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலிலும் சேர்த்தது.

மிச்சத்தையும் கட்டி முடித்தால்தான் ஆச்சு என்று நான் நினைக்கவில்லை. இருப்பதை உதிராமல் காப்பாற்றி, ஊர்க்காரர்கள் தாராளமாக வந்துபோகும்படி வைத்தால் போதும். முடியாத காரியமும் இல்லை. இதே வளாகத்தில் இருக்கும் விருந்தினர் இல்லத்தை, நீமேயர் கட்டியதை இடிக்காமலேயே புதுப்பித்து, திரிபோலியின் தச்சுத்தொழிலுக்கான மையமாக மாற்றியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு 2022-இல் ஆகா கான் கட்டிடக்கலை விருது கிடைத்தது. அடுத்து அந்தக் குவிமாடத்தில் கைவைக்க வேண்டும் என்பது என் ஆசை.