லாச்சப்பலுக்குக் கார் எடுக்க முதல் லொக்புக்கைப் பாருங்கோ

பள்ளிக்கூட லீவு தொடங்கினா லண்டன்ல இருக்கிற எங்கட ஆக்கள் காரை எடுத்துக்கொண்டு கடல் தாண்ட வெளிக்கிட்டிடுவினம், பாரிஸ்ல சொந்தக்காரர், ஜெர்மனில ஹாம் அம்மன் கோயில், அப்படியே சுவிஸ் எண்டு. போக முதல் என்னட்டக் கேக்கிற கேள்வி ஒண்டுதான்: "என்ர கார் யூலெஸுக்கு ஓகே, அப்ப அங்கயும் ஓகே தானே?" யூலெஸ் எண்டது புகை கூடின வாகனத்துக்கு லண்டன்ல நாளுக்கு நாள் காசு எடுக்கிற திட்டம், அதை வைச்சு மற்ற நாட்டுக்கும் ஓகே எண்டு சொல்லேலாது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கணக்கு வைச்சிருக்கு.

முதல் பாக்க வேண்டியது உங்கட காரின்ர யூரோ நம்பர். புகையில எவ்வளவு நஞ்சு வரலாம் எண்டு கார் செய்யிறவைக்கு வைச்ச அளவு அது, நம்பர் கூடக்கூடப் புகை குறையும். லொக்புக்கில, அதாவது காரின்ர பதிவுப் பத்திரத்தில, வி.9 எண்ட இடத்தில இருக்கும், பழைய கார்களுக்குக் கனக்க அந்த இடம் வெறுமையாத்தான் கிடக்கும், அப்ப முதல் பதிஞ்ச திகதியை வைச்சுத்தான் பாக்கோணும்.

ஒரு 2013 டீசல் காரை எடுப்பம், பெரும்பாலும் யூரோ 5. லண்டன்ல டீசலுக்கு யூரோ 6 வேணும், அதால ஒரு நாளைக்கு 12.50 பவுண்ஸ் கட்டோணும். பிரான்ஸ்ல புகை அளவைக் காட்டக் கார்ல ஒட்டுற ஸ்ரிக்கருக்குக் கிரிட் எயார் எண்டு பேர். அதே கார் பாரிஸ்ல கிரிட் எயார் 2, மஞ்சள் ஸ்ரிக்கர், உள்ள போகலாம். ஜெர்மனிக்கும் தனி ஸ்ரிக்கர் இருக்கு, அங்க இந்தக் காருக்குப் பச்சை கிடைக்கும். இப்ப 2004 பெற்றோல் கார் ஒண்டு, யூரோ 3 எண்டு வையுங்கோ. லண்டன்ல காசு கட்டோணும், பாரிஸ்ல கிரிட் எயார் 3, ஆனா ஜெர்மனிக்காரன் அதுக்கும் பச்சையைக் குடுப்பான். ஏனெண்டா ஜெர்மனில 2008ல பெர்லின், கொலோன், ஹனோவர்ல இதைத் தொடங்கேக்க அவை முக்கியமாப் பாத்தது கரித்தூளை, பெற்றோல் கார்ல அது குறைவு. லண்டன் டீசலுக்கு இவ்வளவு இறுக்கமா நிக்கிறது டீசல் புகையில கூட வாற நைட்ரஜன் ஒக்சைட் வாயுவுக்காக. பிறகு ஜெர்மனியும் அந்தப் பக்கம் வந்து 2018ல லைப்சிக் நீதிமன்றம் டீசலைத் தடுக்கலாம் எண்டு சொல்ல ஸ்ருட்கார்ட், மியூனிக் மாதிரி நகரங்களில பழைய டீசலுக்குத் தனித் தடை வந்தது, அங்க பச்சை ஸ்ரிக்கர் மட்டும் காணாது.

பாரிஸ் விசயத்துக்கு வாறன். கலே துறைமுகத்திலயிருந்து வாறவை கடைசியா ஏறுற ஏ1 மோட்டர்வே நேரா போர்ட் டு லா சப்பல்ல, எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலுக்குக் கிட்டதான் முடியுது, ஆனா புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் அதுக்கு முதலே, ஏ86 சுத்துறோட்டைத் தாண்டினவுடன தொடங்கிடும். 2025 ஜனவரியிலயிருந்து கிரிட் எயார் 3க்கும் தடை வந்தது, திங்கள் தொடக்கம் வெள்ளி வரை காலமை 8 மணியிலயிருந்து இரவு 8 மணி மட்டும். அதாவது அந்தச் சட்டப்படி 2011க்கு முந்தின டீசல், 2006க்கு முந்தின பெற்றோல் வைச்சிருக்கிறவை கிழமை நாளில உள்ளுக்குப் போகேலாது, சனி ஞாயிறு பிரச்சினை இல்லை, ஆனா காற்று சரியாப் பழுதான நாளில அங்க அதிகாரிகள் எந்த நாளிலயும் தடை போடலாம். சட்டத்தில போட்டிருந்த தண்டம் 68 யூரோ. இன்னொண்டு, 2025 ஜூன்ல பிரான்ஸ் தேசிய சபையில இந்த மண்டலங்களையே எடுத்துவிடோணும் எண்டு வாக்களிச்சவை, அதால வெளிக்கிட முதல் அரசாங்க வெப்சைட்ல ஒருக்காப் பாருங்கோ.

அரசாங்க வெப்சைட் எண்டு அழுத்திச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. அங்க தபால் செலவோட ஸ்ரிக்கர் கிட்டத்தட்ட 5 யூரோதான். கூகிள்ல தேடினா மேல வாற சில இடங்கள் அதே ஸ்ரிக்கருக்குப் பல மடங்கு காசு எடுக்குது, பாக்க அரசாங்கம் மாதிரியே இருக்கும், முகவரி gouv.fr எண்டு முடியுதோ எண்டு பாருங்கோ. தெரிஞ்ச அண்ணை ஒராள் குடும்பத்தில ரெண்டு காருக்கும் அப்படிக் குடுத்திட்டார், எனக்கு இப்பவும் கோவம் வருது, கஷ்டப்பட்டு உழைச்ச காசு.

பெல்ஜியத்தில ஸ்ரிக்கரே இல்லை, எல்லாம் கமரா. அன்ட்வேர்ப், பிரசல்ஸ், கென்ட் உள்ளுக்குப் போறதெண்டா எங்கட நம்பர் பிளேட்டை முதலே ஒன்லைன்ல பதியோணும், கார் புதுசா இருந்தாலும் பதியத்தான் வேணும். சுவிஸ்ல ஒட்டுற 40 பிராங்க் வினியெற் மோட்டர்வேக்கான காசு, புகைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஜெனீவால மட்டும் காற்று மோசமான நாளுக்குத் தனி ஸ்ரிக்கர் முறை இருக்கு, கிரிட் எயார் ஒட்டியிருந்தா அதையே ஏற்பினம்.

இதெல்லாம் காசு பறிக்கிற வேலை எண்டு கதைக்கிறவை எங்கட ஆக்களிலயும் கன பேர். பழைய வான்ல கடைச் சாமான் ஏத்தி ஓடினவைக்கு 2023 ஆகஸ்ட்ல யூலெஸ் முழு லண்டனுக்கும் வரேக்க எவ்வளவு கஷ்டம் வந்ததெண்டு எனக்குத் தெரியும், அதை நான் சின்ன விசயமா நினைக்கேல்லை. ஆனா லூயிஷம்ல சவுத் சேர்க்குலர் றோட்டுக்குக் கிட்ட இருந்த எலா (Ella) அடூ-கிஸ்ஸி-டெப்ரா எண்ட பிள்ளை 2013ல ஆஸ்துமாவால 9 வயசில செத்துப்போனா. காற்று மாசும் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் எண்டு 2020 டிசம்பர்ல கொறொனர், அதாவது மரண விசாரணை அதிகாரி, பதிஞ்சவர். அந்த மாதிரி றோட்டுகளுக்குப் பக்கத்திலதான் எங்கட பிள்ளையளும் வளருதுகள். அதால இந்தச் சட்டம் வேணும் எண்டுதான் நான் சொல்லுவன், பழைய வான் வைச்சிருக்கிறவைக்கு உதவிக்காசு இன்னும் தாராளமாக் குடுத்திருக்கோணும் எண்டும் சேத்துச் சொல்லுவன்.

ஹாம் தேருக்குப் போறவைக்குக் கடைசியா ஒண்டு. போற வழியில டோர்ட்முண்ட், எசன் பக்கம் இறங்கினா ரூர் பகுதிப் புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள்ள வந்திடுவியள், பச்சை ஸ்ரிக்கர் இல்லாமல் சும்மா பார்க் பண்ணி விட்டாலும் 100 யூரோ தண்டம். அங்க டியூஃப், டெக்ரா எண்ட வாகனப் பரிசோதனை நிலையங்களில லொக்புக்கைக் காட்டி நேரிலயும் எடுக்கலாம். ஸ்ரிக்கர்ல உங்கட கார் நம்பரை எழுதித் தருவினம், முன்கண்ணாடியில வலப்பக்கக் கீழ் மூலையில உள்ளுக்கால ஒட்டுங்கோ, பிறகு நம்பர் பிளேட்டை மாத்தினா அது செல்லாது, புதுசு எடுக்கோணும்.