பதில் பேசாத கருவிக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர்

இங்கிலாந்தின் வடபகுதியில் நான் பணிபுரியும் மருத்துவமனையில், பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பேஜர் டிரான்ஸ்மிட்டரை அகற்றிவிட்டுப் புதியதொன்றை நிறுவும் பொறுப்பு சென்ற இலையுதிர்காலத்தில் எங்கள் தொலைத்தொடர்புப் பிரிவிடம் வந்தது. பேஜர் என்றதும் நம்மூர் வாசகர்களுக்கு 1990களின் நடுவில் சிலர் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்து, கைப்பேசி பரவியதும் காணாமற்போன சிறிய கருப்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அந்தப் பெட்டி இந்நாட்டு மருத்துவமனைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. இங்குள்ளோர் அதை 'பிளீப்' என்பார்கள். வெளியார் எவருடைய சேவையையும் நம்பாமல், மருத்துவமனை தன் வளாகத்துக்குள் தானே வைத்து நடத்தும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று அதற்குச் செய்தி அனுப்புகிறது.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1956இல் மல்டிடோன் நிறுவனம் மருத்துவர்களைத் தேடி அழைப்பதற்காக ஒரு ரேடியோ அமைப்பை நிறுவியது. அன்று தொடங்கிய வழக்கம் எவ்வளவு வேரூன்றிவிட்டது என்பது, 2019 பிப்ரவரியில் அன்றைய சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக், தேசிய சுகாதாரச் சேவையில் ஏறத்தாழ 1,30,000 பேஜர்கள் புழக்கத்தில் இருப்பதாகவும் 2021 இறுதிக்குள் அவற்றைக் கைவிட வேண்டும் என்றும் அறிவித்தபோது வெளியுலகுக்குத் தெரிந்தது. ஆயினும் அதே அறிவிப்பு, அவசரநிலைகளுக்கு மட்டும் பேஜரை வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருந்தது. நாங்கள் நிறுவியது அந்த விதிவிலக்குக்கு உரிய அமைப்புதான். ஒரு நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் வார்டிலிருந்து 2222 என்ற எண்ணை அழைப்பார்கள். தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2004இல் வலியுறுத்தியபின் மருத்துவமனைகளில் பொதுவாகிவிட்ட எண் அது. அழைப்பை ஏற்கும் சுவிட்ச்போர்டு பணியாளர் ஒரு பொத்தானை அழுத்த, உயிர்மீட்புக் குழுவினர் அனைவருடைய பேஜரும் ஒரே சமயத்தில் ஒலிக்க வேண்டும்.

இந்த வேலையின் கடினம் முழுவதும் ஒரே உண்மையிலிருந்து பிறக்கிறது. பேஜர் கேட்கும், பேசாது. கைப்பேசி தன் கோபுரத்தோடு ஓயாமல் உரையாடிக்கொண்டிருப்பதால் அது தொடர்பில் இருக்கிறதா இல்லையா என்பதை வலையமைப்பு அறியும். பேஜரிலோ செய்தி காற்றில் விடப்பட்டதும் டிரான்ஸ்மிட்டரின் கடமை முடிந்துவிடுகிறது. அது சேர்ந்ததா என்று சொல்ல எவரும் இல்லை. ஒரு மருத்துவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்றால் அதை அவரும் அறியமாட்டார், நாமும் அறியமாட்டோம். ஆகவே பின்னால் கேட்டு உறுதிசெய்துகொள்ள முடியாத ஒவ்வொன்றையும் முன்கூட்டியே உறுதிசெய்தாக வேண்டும். நான் செலவிட்ட மூன்று மாதமும் அதற்குத்தான் போயிற்று.

எங்கள் வளாகத்தில் மூன்று காலத்துக் கட்டடங்கள் ஒட்டி நிற்கின்றன: தடித்த செங்கற்சுவர் கொண்ட பழைய பகுதி, ஒன்பது மாடிக் கான்கிரீட் கோபுரம், வெப்பம் வெளியேறாதிருக்க உலோகப் பூச்சிட்ட கண்ணாடியால் மூடிய புதிய பகுதி. சுவரின் தடிமனைக் கண்டு செங்கற் கட்டடந்தான் தொல்லை தரும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் எங்கள் பேஜர்கள் கேட்கும் 459 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் செங்கல் ஒரு பெரிய தடையாக இல்லை. புதிய கட்டடத்தின் மெல்லிய உலோகப் பூச்சுதான் அலையை வெளியிலேயே திருப்பி அனுப்பியது.

கணினியில் வரைந்து காட்டும் பரவல் வரைபடத்தை நான் நம்பவில்லை. கோபுரத்தின் மொட்டைமாடியில் ஒரு தற்காலிக ஆன்டெனாவை நிறுத்தி, பத்து வினாடிக்கு ஒருமுறை 1, 2, 3 என எண் மட்டும் அனுப்பும்படி டிரான்ஸ்மிட்டரை அமைத்துவிட்டு, தரைப்படமும் பென்சிலுமாக ஒவ்வொரு தளமும் நடந்தோம். பேஜரைக் கையில் உயர்த்திப் பிடிக்காமல், மருத்துவர் அணிவதைப் போலவே இடுப்புவாரில் மாட்டிக்கொண்டு நடப்பது முக்கியம். மனித உடலே அலையின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். எந்த எண் விடுபட்டதோ அந்த எண் வந்திருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தோம். கதவைத் திறந்து வைத்துச் சோதிப்பது ஏமாற்று வேலை. எக்ஸ்ரே அறையின் ஈயத்தகடு பதித்த கதவு மூடியிருக்கும்போதும் உள்ளே இருப்பவருக்குச் செய்தி வர வேண்டும் என்பதால், ஒவ்வொரு அறைக்குள்ளும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம். எம்ஆர்ஐ அறையை மட்டும் விட்டுவிட்டோம். அது செம்புத் தகட்டால் சூழப்பட்ட பெட்டி, மேலும் அங்கே பேஜரை எடுத்துச் செல்லவே கூடாது. அதன் கட்டுப்பாட்டு அறையில் கேட்டால் போதும்.

ஆறு நாள் நடந்தபின் தரைப்படத்தைப் பார்த்தபோது, மேல்தளங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த புள்ளிகள் நிலவறையில் திரண்டு நின்றன. அறுவைசிகிச்சைக்குப்பின் நோயாளிகளைக் கண்காணிக்கும் பகுதியில் 20 செய்திகளில் 7 வரவில்லை. இதயம் நின்றுபோகும் வாய்ப்பு மிகுந்த இடங்களில் ஒன்று அது. பழைய அமைப்பில் இதற்கு முன் இது எத்தனை முறை நேர்ந்திருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

பழைய அமைப்பை ஆராய்ந்தபோது காரணத்தில் ஒரு பாதி தெரிந்தது. முன்பு அதை நிறுவியவர்கள் டிரான்ஸ்மிட்டர் அறையிலிருந்து ஆன்டெனா வரை ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு ஆர்ஜி-58 என்னும் மெல்லிய கோஆக்சியல் கேபிளை இழுத்திருந்தார்கள். இந்த அதிர்வெண்ணில் அவ்வளவு நீளத்தில் அந்தக் கேபிள் சுமார் 10 டெசிபலைத் தின்றுவிடும். 5 வாட் உள்ளே போனால் மறுமுனையில் அரை வாட்தான் வரும். அதே நீளத்துக்கு எல்எம்ஆர்-400 வகைக் கேபிள் இட்டால் இழப்பு 3 டெசிபலுக்கும் குறைவு; பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் ஆன்டெனாவை அடைகிறது. கேபிளை மாற்றி, இணைப்புகளைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றி, கட்டடத்துக்குள் நுழையுமுன் மழைநீர் சொட்டி விழும்படி கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு, மின்னல் தடுப்பானைப் பொருத்தி நிலத்தோடு இணைத்தோம். கேபிளுக்குள் நீர் இறங்குவது இத்தகைய அமைப்புகளின் மெதுவான நோய்; மாதக்கணக்கில் ஆற்றல் சிறிது சிறிதாகக் குறையும், எந்த நாளிலும் ஒன்று கெட்டதாகத் தெரியாது.

ஆன்டெனாவை எங்கே நிறுத்துவது என்பதில் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவக் கருவிப் பொறியாளர்கள் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பினார்கள். அவர்களுடைய பிரிவு கோபுரத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. மருத்துவமனைக் கருவிகள் பொதுவாக மீட்டருக்கு 3 வோல்ட் வரையிலான ரேடியோப் புலத்தைத் தாங்க வேண்டும் என்கிறது ஐஇசி 60601-1-2 தரம். 5 வாட்டும் முழுதாக வெளியேறுவதாகக் கொண்டு கணக்கிட்டாலும் 5 மீட்டர் தொலைவில் அந்த எல்லையை ஒட்டி வருகிறது; 20 மீட்டரில் மீட்டருக்கு 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எனவே லிஃப்ட் இயந்திர அறையின் மேல் வைக்கலாம் என்றிருந்த எளிய திட்டத்தைக் கைவிட்டு, அப்பிரிவிலிருந்து விலகிய மூலையில் கம்பம் நட்டோம். கூடுதல் கேபிளும் இரண்டு நாள் வேலையும் ஆயிற்று. இதில் எனக்கு வருத்தமில்லை.

நிலவறைக்குக் கேபிள் மாற்றம் மட்டும் போதவில்லை. உரிமத்தில், ரேடியோ அலைகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஆஃப்காம் குறித்துள்ள ஆற்றலை மீறவும் கூடாது. இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் ஒன்றை அங்கேயே வைப்பதுதான் வழி. ஆனால் ஒரே அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றாகப் பேசினால், இரண்டும் சம வலிமையில் கேட்கும் இடத்தில் செய்தி சிதைந்துவிடும். பத்து லட்சத்தில் அரைப் பங்கு துல்லியம் என்றாலும் 459 மெகாஹெர்ட்ஸில் 230 ஹெர்ட்ஸ் வரை விலகல் வரும். ஆகவே முதலில் மொட்டைமாடி, அது முடிந்ததும் நிலவறை என்று முறைவைத்துப் பேசும்படி அமைத்தோம். இங்கேதான் வேகம் பற்றிய விவாதம் எழுந்தது. இந்தப் பேஜர்கள் பயன்படுத்தும் பாக்சாக் என்னும் குறியீட்டில், உறங்கும் பேஜரை விழிக்கச் செய்ய முதலில் 576 பிட்டுகள் ஒன்று, சுழியம் என மாறி மாறிப் போகும். பின்னர் 544 பிட் கொண்ட தொகுதிகளாகச் செய்தி போகும். நாற்பது எழுத்துச் செய்தி பெரும்பாலும் இரண்டு தொகுதியில் அடங்கும். வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் அது ஏறத்தாழ 1.4 வினாடி, 512 பிட் வேகத்தில் 3.25 வினாடி. இரு டிரான்ஸ்மிட்டருக்கும் சேர்த்தால் இருமடங்கு. விரைவே வேண்டும் என்றனர் சக ஊழியர் சிலர். வேகம் குறையக் குறைய வலுவற்ற அலையையும் பேஜர் பிடித்துக்கொள்ளும் என்பதால், உயிர்மீட்புக் குழுவின் பேஜர்களை மட்டும் 512இல் வைக்க வேண்டும் என்று நான் வாதிட்டேன். ஓடி வர இரண்டு நிமிடம் எடுக்கும் ஒருவருக்குச் செய்தி நான்கு வினாடி தாமதமாக வருவது பொறுக்கத்தக்கது. வராமலே போவது பொறுக்கத்தக்கதன்று. இறுதியில் அவ்வாறே அமைத்து, மற்ற பேஜர்களுக்கு 1200 வைத்தோம். லிஃப்டில் இருப்பவருக்காக ஒவ்வொரு அவசரச் செய்தியும் சிறிது இடைவெளி விட்டு மீண்டும் ஒருமுறை செல்லும்.

முதன்முதலாக இயக்கிய காலையை மறக்க முடியாது. வாட் மீட்டர் 5 வாட் காட்டியது, திரும்பி வரும் ஆற்றல் ஏறக்குறைய சுழியம், அதிர்வெண் துல்லியம். ஆயினும் மேசைமேல் வரிசையாக வைத்த பேஜர்களில் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. கேபிள், ஆன்டெனா, பேஜர்களின் முகவரி எண்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து நண்பகல் ஆகிவிட்டது. பாக்சாக்கில் அதிர்வெண் மேல்பக்கம் விலகினால் சுழியம், கீழ்பக்கம் விலகினால் ஒன்று. எங்கள் அமைப்பில் அது தலைகீழாக இருந்தது. அனுப்பிய ஒவ்வொரு பிட்டும் எதிர்மறையாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மென்பொருளில் ஒரு குறியீட்டை மாற்றியதும் அத்தனை பேஜரும் ஒன்றாக அலறின. எல்லா அளவுமானிகளும் நலம் என்று சொல்லும்போதே ஓர் அமைப்பு முற்றிலும் ஊமையாக இருக்க முடியும் என்பதைக் கண்ணாரக் கண்டபின், காற்றில் போவதைத் தனியே கேட்கும் கருவியொன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இப்போது ஆன்டெனாக்களிலிருந்து மிகத் தொலைவான மூலையில் ஒரு ரிசீவர் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகும் சோதனைச் செய்தி அதற்குக் கேட்கவில்லை என்றால் சுவிட்ச்போர்டில் மணி அடிக்கும்.

தொலைபேசி இணைப்பகமும் தீயெச்சரிக்கை அமைப்பும் டிரான்ஸ்மிட்டரோடு இணைந்திருக்கின்றன. அவற்றில் சொல்வதற்கு அதிகமில்லை. சுவிட்ச்போர்டின் அவசரப் பொத்தானை மட்டும் மருத்துவமனைக் கணினி வலையமைப்பு வழியாகக் கொண்டுசெல்ல மறுத்துத் தனிச் செம்புக் கம்பி இழுத்தோம். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்னும் கணினி நச்சுநிரல் தாக்கியபோது இந்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் கணினிகள் முடங்கியதை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றையும் பிடிவாதமாகச் சொன்னேன். பாக்சாக்கில் மறைக்குறியாக்கம் இல்லை. மலிவான ரேடியோ ரிசீவர் ஒன்றைக் கணினியில் செருகினால், மருத்துவமனைக்கு வெளியே நிற்பவரும் அதைப் படித்துவிடலாம். ஆகவே செய்தியில் இடமும் அழைப்பின் வகையும் மட்டுமே இருக்க வேண்டும், நோயாளியின் பெயர் ஒருபோதும் கூடாது. பழைய அமைப்பில் வார்டுகளிலிருந்து பெயரும் படுக்கை எண்ணும் தட்டெழுதி அனுப்பும் பழக்கம் இருந்தது. அதை நிறுத்த டிரான்ஸ்மிட்டரை நிறுவியதைவிட அதிக உழைப்பு தேவைப்பட்டது.

பழையதும் புதியதும் ஒரே அதிர்வெண் என்பதால் இரண்டையும் சேர்த்து ஓடவிட வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஆறு மணிக்குப் பழையதை அணைத்தோம். புதியது எழுந்து சோதிக்கப்படும் வரை, குழுவினர் ஒவ்வொருவரும் கைப்பேசியைக் கையில் வைத்திருந்தனர். வார்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தோம். இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒன்பது மணிக்கு வழக்கமான காலைச் சோதனை அழைப்பு சென்றது. அதற்கு ஒவ்வொருவரும் சுவிட்ச்போர்டைத் தொலைபேசியில் அழைத்துத் தம் பணிப்பெயரைச் சொல்ல வேண்டும். அந்தக் கருவியால் சொல்ல முடியாததை மனிதர்கள் நாள்தோறும் ஒருமுறை சொல்கிறார்கள். அன்று குழுவில் ஒருவர் குறையாமல் அழைத்தார்கள். மயக்கவியல் மருத்துவர் நிலவறைக் கண்காணிப்புப் பகுதியிலிருந்துதான் பேசினார்.

சரக்கு இறங்குமிடத்துக்குப் போகும் படிக்கட்டின் கீழ்த்திருப்பத்தில் மட்டும் இன்னும் ஒரு சிவப்புப் புள்ளி மீதமிருக்கிறது. அங்கே நின்றால் 20இல் 2 செய்திகள் வருவதில்லை. தரைப்படத்தை அந்தப் புள்ளியோடு சுவிட்ச்போர்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நிலவறை டிரான்ஸ்மிட்டரிலிருந்து பிரித்து ஒரு சிறு ஆன்டெனாவை அங்கே கொண்டுசெல்வதற்கான கேபிள் அடுத்த மாதம் வருகிறது.