எல் கட்டத்தில் இருந்த 2

2022 அக்டோபரில் ஒரு நாள், விடிவதற்கு முன்பே கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ சாலையில் ஒரு வேன் என் மோட்டாரை இடித்துத் தள்ளியது. செந்தூல் வீட்டிலிருந்து காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இடது முட்டிக்குக் கீழே எலும்பின் மேல்முனை நொறுங்கிப்போனது. உள்ளே இரண்டு பிளேட், ஒன்பது ஸ்க்ரூ.

நான் முன்னாள் ராணுவ வீரன். மலேசிய ராணுவத்தின் ரேஞ்சர் படையில் 13 ஆண்டு இருந்து, 1998இல் வெளியே வந்தேன். சாதாரணச் சிப்பாய்க்கு மாத ஓய்வூதியம் வேண்டுமென்றால் 21 ஆண்டு சேவை இருக்க வேண்டும். எனக்கு அது இல்லை. அதன் பிறகு குடும்பத்தைக் காப்பாற்றியது ஜாகா வேலைதான், அதாவது காவலாளி வேலை.

வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு உண்டு என்பது என்னோடு வேலை செய்த பலருக்கு அன்றுவரை தெரியாது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே உள்ள வழியில் நடந்திருந்தால் போதும். போலீஸ் ரிப்போர்ட், ஷிப்டு அட்டவணை, எம்.சி. (மருத்துவ விடுப்பு) தாள்கள் எல்லாவற்றையும் என் மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். எம்.சி. இருந்த காலம் முழுக்கச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

அடுத்தது நிரந்தர ஊனத்துக்கான மதிப்பீடு. ஜெமாஆ டொக்டர் என்கிற மருத்துவக் குழு காலைப் பார்த்து, எத்தனை விழுக்காடு இழப்பு என்று முடிவு செய்யும். எனக்கு வந்த கடிதத்தில் 12 என்று இருந்தது. முட்டியை முழுசாக மடக்க முடியாதவனுக்கு 12. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

கோப்பைப் புரட்டிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. எனக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனையின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: முன்பு ராணுவச் சேவையில் இடது காலில் காயம். நான் சொன்னதுதான். அவசரப் பிரிவில் தழும்பைப் பார்த்து ஒரு டாக்டர் கேட்டார், சொன்னேன். கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை முடித்த ஹட்யாய் ஒப்பந்தத்துக்கு முந்தைய ஆண்டு, 1988இல், பேராக் மாநிலத்தின் கிரிக் காட்டில் ரோந்து போனபோது பள்ளத்தில் விழுந்து கணுக்கால் முறிந்தது. நான் சொன்னது கணுக்கால். அறிக்கையில் ஏறியது 'இடது கால்'. அதைப் படிக்கும் யாருக்கும், முட்டி ஏற்கெனவே பாதி போயிருந்தது என்றுதான் தோன்றும். குழுவின் முன்னால் வேறு தாள் எதையும் நாங்கள் வைக்கவுமில்லை.

"கொடுக்கிறத வாங்கிக்கலாங்க" என்றாள் மனைவி. 20 விழுக்காட்டுக்கு மேல் போகாவிட்டால் மொத்தமாக ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக் கடன் இருந்தது, எனக்கும் ஆசைதான். மகள்தான் தடுத்தாள். "அப்பா, 90 நாள் இருக்கு. அதுக்குள்ள மேல்முறையீடு போடலாம். இப்பவே கையெழுத்துப் போட்டுடாதீங்க."

படையில் மருத்துவ உதவியாளராக இருந்த ஒரு நண்பரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் பல்ஹீம்ஸ் தாள் எங்கே?" ராணுவத்தில் உடல்தகுதியை எழுதும் முறை அது. உடல்கட்டு, கை, கால், காது, கண், மனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, ஒவ்வோர் எழுத்தின் கீழும் ஓர் எண். எண் சிறியதாக இருந்தால் நல்ல நிலை. கால்களுக்கான எழுத்து எல்.

கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை மகளும் நானும் இழுத்தோம். பழைய சீருடை, பெரே தொப்பி, அந்துருண்டை வாசனை. அதற்கெல்லாம் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், 1998இல் வெளியேறும்போது நடந்த பரிசோதனையின் நகல் இருந்தது. ஓரமெல்லாம் கறையான் அரித்திருந்தது. நடுவில் எல் கட்டம் மட்டும் தெளிவாக இருந்தது. அதில் 2. எல்லா வேலைக்கும் தகுதியான கால் என்று பொருள். மகள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

என் மனதில் இருந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். என்னோடு இருந்தவர்களில் பலர், தங்கள் காயம் சேவையால் வந்தது என்று நிரூபிக்க இன்னமும் அலைகிறார்கள். நானோ, சேவையில் பட்ட காயம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நிரூபிக்க நின்றேன். கிரிக் காட்டில் பட்ட வலியை நானே இல்லை என்று சொல்வதுபோல இருந்தது. நண்பர்தான் சொன்னார், "அது ஆறிப்போச்சுன்னு சொல்ற, நடக்கலன்னா சொல்ற?" அப்புறம்தான் மனம் அடங்கியது.

எலும்பு டாக்டரிடம் புதிய கடிதம் வாங்கினேன். பழைய முறிவு கணுக்காலில், புதியது முட்டியில், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எழுதிக் கொடுத்தார். புதிய எக்ஸ்ரே, ஃபிசியோ வருகைப் பதிவு, பல்ஹீம்ஸ் நகல், ஒரே பக்கத்தில் மலாய்க் கடிதம். 71ஆம் நாள் கொண்டுபோய்க் கொடுத்து, என் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரை இல்லாமல் முகப்பை விட்டு நகராதீர்கள்.

ஐந்து மாதம் கழித்து ஜெமாஆ டொக்டர் ராயுவான் என்கிற மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன்னால் அழைத்தார்கள். முதல் தடவை மாடிப்படி ஏற முடியுமா என்று கேட்டபோது, "போலே, டாக்டர்" என்று சொல்லியிருந்தேன். படையில் ஊறிய பழக்கம் அது. கேட்டதற்கெல்லாம் முடியும் என்றுதான் வாயில் வரும். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுகிறேன். குந்த முடியாது. கோயிலில் எல்லாரும் தரையில் சாப்பிடும்போது நான் நாற்காலி தேடுகிறேன். ஒரு டாக்டர் கோணமானியை முட்டியின் பக்கத்தில் வைத்து மெதுவாக மடக்கினார். 85 பாகையில் கால் நின்றுவிட்டது. திரும்பவும் மடக்கிப் பார்த்தார், அதே 85. பிறகு கணுக்காலைச் சுற்றிப் பார்த்தார். அது எல்லாப் பக்கமும் நன்றாகத் திரும்பியது. கறையான் அரித்த தாளை இன்னொரு டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

முடிவு 28 விழுக்காடு. என் சராசரி நாள் சம்பளம் 60 வெள்ளி (ரிங்கிட்), கணக்கில் எடுப்பது அதில் 90 விழுக்காடு, அதாவது 54. அதில் 28 விழுக்காடு என்றால் நாளுக்கு 15 வெள்ளி 12 காசு. 30 நாள் கொண்ட மாதத்துக்கு 453 வெள்ளி 60 காசு, உயிருள்ளவரை. 20ஐத் தாண்டியவர்கள் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக எடுக்கலாம். நான் எடுக்கவில்லை. மாதாமாதம் வருவதுதான் எங்களுக்கு நிம்மதி.

மருத்துவ உதவியாளராக இருந்த அந்த நண்பருக்கு, துப்பாக்கிச் சுடுதளத்தில் பல ஆண்டு நின்றதில் வலது காது கேட்பதில்லை. போன சனிக்கிழமை அவருடைய பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். படையில் சேர்ந்த அன்றைய தாள் கிடைத்துவிட்டது. வெளியேறியபோது எழுதிய தாளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம், அதில் காதுக்கான எச் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.