நட், போல்ட், வொஷர், அப்புறம் எண்ணிக்கை

மகளுக்கு நாலு வயது. இருபது வரைக்கும் மூச்சு விடாமல் சொல்வாள். முன்பள்ளியில் இங்கிலிஷ், வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும்போது சிங்களத்தில் எக, தெக, துன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் ஏழு பிஸ்கட்டை வைத்து எத்தனை என்று கேட்டேன். விரல் ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஓட, பதினொன்று என்றாள். அவளுக்கு அது இன்னும் பாட்டுத்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

குழாய்க்குச் சாமான் வாங்கக் கொழும்பு பழைய சோனகத் தெருவுக்குப் போன இடத்தில், அவளுக்கு எண்ணப் பழக்க எம்20 (20 மில்லிமீற்றர் தடிப்பு) போல்ட் ஐந்து, நட் ஐந்து, வொஷர் இருபது வாங்கி வந்தேன். சிறியது வேண்டவே வேண்டாம். எம்8 வொஷரின் குறுக்களவு 16 மில்லிமீற்றர்தான், தொண்டையில் சிக்கும். எம்20 வொஷர் 37. எதுவானாலும் தவழ்கிற தம்பி நித்திரையான பிறகுதான் பெட்டியைத் திறக்கிறோம். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, பாயில் இருந்துதான் விளையாட்டு. காலில் விழுந்தால் நோகும்.

முதல் சில நாள் எண்ணச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு போல்டுக்கும் ஒரு நட், அவ்வளவுதான். ஒருநாள் நட் ஒன்றை ஒளித்து வைத்தேன். நாலையும் பூட்டி முடித்து, ஐந்தாவது போல்டைத் தூக்கிக் காட்டி, "அப்பா, இவருக்குத் தொப்பி இல்லை" என்றாள்.

அப்புறம் பூட்டப் பூட்டச் சொல்ல வைத்தேன். பிஸ்கட்டில் நடக்காதது இதில் நடந்ததற்கு மரைதான், அதாவது போல்டில் சுற்றி ஓடும் புரிதான் காரணம் என்று நினைக்கிறேன். எம்20 நட் ஒரு முழுச் சுற்றுக்கு 2.5 மில்லிமீற்றர்தான் இறங்கும், அந்தப் பிஞ்சு விரல்கள் நட்டைப் பிடித்துத் திருகி முடிக்கும் வரைக்கும் "மூன்று" வாயிலேயே நிற்கிறது, "நாலு" முந்திக்கொண்டு ஓட முடியாது.

நட்டின் பக்கங்களை எண்ணச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் சிக்கல். ஏழு, எட்டு, ஒன்பது என்று சுற்றிக்கொண்டே போனாள். எங்கே தொடங்கினாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு பக்கத்தில் சிவப்புக் கியூடெக்ஸ் பொட்டு வைத்தேன். பொட்டில் தொடங்கி, பொட்டு திரும்பி வருமுன் நிறுத்த வேண்டும். ஆறு. இரண்டு மூன்று தரம் சரிபார்த்தாள்.

ஐந்து வொஷரை நெருக்கியும் ஐந்தை அகட்டியும் வைத்தால் அகட்டி வைத்ததுதான் கூட என்கிறாள். இது இந்த வயதின் இயல்பு, பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். திருத்தப் போகாதீர்கள், வளர வளரத் தானாகத் தெளியும்.

பத்துக்கு மேலே தமிழ் நமக்குப் பெரிய உதவி. லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்ட முடியாது. பதின்மூன்றில் பத்தும் இருக்கிறது, மூன்றும் இருக்கிறது. பத்து வொஷரைக் கயிற்றில் கோத்து, பக்கத்தில் மூன்றை வைத்தால் போதும்.

நேற்று இரண்டாவது கயிற்றில் கடைசி வொஷரையும் கோத்துவிட்டு, இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்து, "இரண்டு பத்து" என்றாள். இருபது என்று எத்தனையோ தடவை பாடியிருக்கிறாள், இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.